பெயர் சொல்லாமல் ஒரு ஜெபக் குறிப்பு

உட்காருங்கள் பியூலா அக்கா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். சரி செய்கிறேன், சரி செய்கிறேன் என்று சொல்லியே என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிவிட்டார். இதில் உட்காருங்கள். மெட்ராஸிலிருந்து வந்த அலுப்பு முகத்தில் தெரிகிறது. காப்பி போடட்டுமா? வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன் என்றா நினைக்கிறீர்கள்?

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் தம்பி கிளாட்வினின் மனைவி எப்சி, மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. எங்கே இருக்கிறாள் என்று தெரியவேண்டும். எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் வானத்தைப் பார்க்கிறார்கள். கடைசியில் யாரோ சொல்லியிருப்பார்கள், "வயலட் அக்காவப் போய்க் கேளுங்க, அவங்களுக்குத் தெரியாம பாளையங்கோட்டையில ஒரு பல்லிகூட முட்டை போடாது" என்று. சொன்னது யார்? வேண்டாம், சொல்லாதீர்கள். ஐரின் டீச்சராகத்தான் இருக்கும். பல்லி, பாச்சை எல்லாம் அவர் வாயில்தான் வரும்.

எனக்கொன்றும் கோபமில்லை. நாலு பேர் விஷயம் தெரிந்தவள் என்று சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டுமே.

சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்துதான் சொல்வேன். நடுவிலிருந்து சொல்லு, சுருக்கமாய்ச் சொல்லு என்றால் எனக்கு வராது. கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் என்னிடம் சொன்னது இரண்டே விஷயம்: முதுகை நிமிர்த்து, வாயை மூடு. முதுகு நிமிர்ந்துவிட்டது.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. முன்பெல்லாம் போனில். ஒருத்திக்கு ஒரு கஷ்டம் என்றால் எனக்குச் சொல்வாள், நான் அடுத்தவளுக்கு, அவள் அதற்கடுத்தவளுக்கு. கடைசி ஆளுக்குப் போய்ச் சேரும்போது வாய்ப்புண் கேன்சர் ஆகியிருக்கும். அதனால் வாட்ஸப் குரூப் ஆரம்பித்தோம். நான்தான் அட்மின். பெண்கள் மட்டும்தான். பெயர் போடக்கூடாது என்பது சட்டம், அதையும் நான்தான் கொண்டுவந்தேன். பெயரைச் சொன்னால் அது புறணி, பெயர் சொல்லாவிட்டால் அது ஜெபம். அவ்வளவுதானே வித்தியாசம்?

ஒரு தடவை போட்டேன்: "கமிட்டியிலுள்ள ஒரு மூத்த சகோதரருக்கு, உட்காரும் இடத்தில் உபத்திரவம். பெயர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்." ஞாயிற்றுக்கிழமை செல்வின் அண்ணன் பிரசங்கம் முழுக்க தூணில் சாய்ந்து நின்றார். சபை முழுக்க அவரை அவ்வளவு பரிவோடு பார்த்தது. சிரிக்காதீர்கள். அந்த வாரமே ஆபரேஷன் இல்லாமல் குணமானார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் வாய்க்குக் கெட்ட எண்ணம் கிடையாது என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

எப்சி எங்கள் சபைக்குக் கல்யாணமாகி வந்தபோது சின்னப்பெண். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. உங்கள் தம்பியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாடகர் குழுவுக்குத் தலைவர். அந்தக் குரலில் அவர் முதல் அடியை எடுத்தால் என் வீட்டுக்காரர்கூடக் கொட்டாவியை நிறுத்திவிடுவார். எப்சி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பாள். ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே நின்று பேசுவோம் பாருங்கள், அவள் நிற்கமாட்டாள். அவர் அங்கிருந்தே ஒரு பார்வை பார்ப்பார், இவள் பையை எடுத்துவிடுவாள். நாங்களெல்லாம் எங்கள் வீட்டுக்காரர்களிடம் சொல்லிக் காட்டுவோம்: "பாத்தியளா, ஒரு பார்வைக்கு எந்திக்கா. நீங்க கத்தினாலும் நான் எந்திக்கதில்ல, அதுக்கு நீங்கதான் காரணம்."

போன குடும்ப ஞாயிறில் மாதிரிக் குடும்பம் என்று மெழுகுவர்த்தி ஏற்ற அவர்களைத்தான் முன்னால் நிறுத்தினோம். என் யோசனை. போட்டோகூட இருக்கிறது, காட்டவா? சரி, பிறகு.

சித்திரை வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டு வருவாள். நான் வெளிப்படையாகக் கேட்கிற ஆள். "என்ன எப்சி, ஊட்டியிலயா இருக்க?" சிரிப்பாள். கையில் கட்டு என்றால் குக்கர் மூடி. கன்னம் வீங்கினால் கடவாய்ப் பல். கால் நொண்டினால் மாடிப்படியில் விழுந்தாள். நான் அவளை நன்றாகத் திட்டினேன், கவனமாய் நடக்கக்கூடாதா, ரப்பர் செருப்பைத் தூர எறி, பிடிமானமுள்ள செருப்பு வாங்கு என்று. கடையே சொன்னேன். அவள் இருப்பது ஒற்றைத் தளம், மாடியே இல்லாத வீடு என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியதா? நீங்கள் விடுமுறைக்கு வந்து தங்கியிருக்கிறீர்களே.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள்.

அப்புறம் அசனம் வந்தது. நீங்கள் சின்ன வயதில் சாப்பிட்டிருப்பீர்கள், சபை முழுக்க ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. முந்தின நாள் பெண்களெல்லாம் கூடி வெங்காயம் உரிப்போம். மூட்டை மூட்டையாக. எல்லோரும் அழுவோம், யாரையும் யாரும் ஏன் அழுகிறாய் என்று கேட்கமாட்டோம். எப்சி என் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தாள். குனிந்தபடியே சொன்னாள்: "அக்கா, அவங்க என்னைய அடிக்காங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. "யாரு? மகளா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. அவங்க."

ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரவிக்கையைத் தளர்த்தி முதுகைக் காட்டினாள். பார்த்தேன்.

அதைப்பற்றி நான் வர்ணிக்கப்போவதில்லை. நான் வர்ணிக்காமல் விட்ட விஷயம் ஏதாவது உண்டா என்று ஊரில் கேட்டுப்பாருங்கள்.

நான் என்ன செய்வேன்? கையைப் பிடித்து ஜெபம் பண்ணினேன். "பொறுமையா இரும்மா, அவுகளுக்கு ஆபீஸ்ல என்ன டென்ஷனோ, நீயும் எதுத்துப் பேசாத" என்று சொன்னேன். எங்கள் அம்மா எனக்குச் சொன்னது, அவர்கள் அம்மா அவர்களுக்குச் சொன்னது. வீட்டுக்கு வந்தேன். மனசு கேட்கவில்லை. பத்துப் பேர் முழங்கால் போட்டால் நல்லதுதானே என்று குரூப்பில் போட்டேன்: "இனிமையாய்ப் பாடும் நம் சகோதரர் ஒருவரின் கோபம் தணியவும், அவர் மனைவியின் முதுகுக் காயங்கள் ஆறவும் ஜெபிப்போம். பெயர் வேண்டாம்."

பெயர் போடவில்லையே. பார்த்தீர்களா?

பெண்கள் குரூப்தான். ஆனால் எப்சியின் போனை ராத்திரி உங்கள் தம்பிதான் வைத்துக்கொள்வார், ஒவ்வொன்றாய்ப் படிப்பார் என்று எனக்கு எந்தத் தேவதூதன் வந்து சொன்னான்? அசனத்துக்கு அவள் வரவில்லை. வைரல் காய்ச்சல் என்றார். அவள் உரித்த வெங்காயத்தை நாங்கள் சாப்பிட்டோம். அடுத்தடுத்த ஞாயிறும் காய்ச்சல். பிறகு வந்தாள். உதட்டில் தையல். என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு மூன்றாவது வரிசைக்குப் போனாள்.

எனக்கு அது உறுத்தவில்லை அக்கா. ஏன் உறுத்தவேண்டும்? நான் செய்தது ஜெபம்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? விஷயம் கமிட்டிக்குப் போனது. அப்போதிருந்த ஐயர் பயந்த சுபாவம். நீங்கள் மெட்ராஸில் பாஸ்டர் என்பீர்கள், எங்களுக்கு இன்னும் ஐயர்தான். புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஆலயத்தின் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். சங்கச் செயலாளர் என்ற முறையில் நானும் இருந்தேன். இருவரையும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, எப்சியைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் உங்களை அடிக்காரா?"

உங்கள் தம்பியின் தோள் அவள் தோளில் இடித்துக்கொண்டிருக்கிறது. அவள் என்ன சொல்வாள்? "இல்லைங்க ஐயா."

அவ்வளவுதான், எல்லோருக்கும் மூச்சு வந்தது. உங்கள் தம்பி அழுதார். பெரிய மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. முழங்காலில் நின்று ஜெபித்தார், என்ன ஜெபம், என்ன வார்த்தைகள்! எனக்கே கண் கலங்கிவிட்டது. மனைவிமார் கீழ்ப்படிவதைப் பற்றிய வசனத்தை ஐயர் வாசித்தார். அடுத்த வசனம் புருஷருக்குச் சொன்னது, அதற்குள் டீ வந்துவிட்டது. இரண்டு பேர் கையையும் சேர்த்துவைத்து ஆசீர்வாதம் சொன்னார். சமாதானம் ஆகிவிட்டது என்று நாங்களெல்லாம் சந்தோஷமாய் அவரவர் வீட்டுக்குப் போனோம்.

எப்சியும் அவள் வீட்டுக்குப் போனாள்.

என்ன சொன்னீர்கள்? உங்கள் அப்பாவும் கோபக்காரரா? உங்கள் அம்மா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு எங்கேயும் போகாமல் இருந்தார்களா? இருந்திருப்பார்கள் அக்கா, போக இடம் இருந்ததா என்று யாராவது அவர்களைக் கேட்டார்களா? சரி சரி, செத்தவர்களைப் பேசவேண்டாம். இந்த மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள், தூத்துக்குடியிலிருந்து வந்தது.

பிறகு ஐயருக்கு மாற்றல். புது ஐயர் வந்தார். அவரோடு வந்தார் ஒரு ஐயரம்மா, ஜெமிமா என்று பெயர். சின்னப்பெண், காட்டன் சேலை, கையில் ஒரே வளையல். வந்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் சொல்கிறேன். பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டினார். வீட்டில் பயமாயிருந்தால் கூப்பிட, பெண்கள் உதவி எண். அதன் கீழே தன் நம்பர். நான் நேரே போய்க் கேட்டேன்: "ஏம்மா, நோட்டீஸ் போர்டுன்னு ஒண்ணு வாசல்ல இருக்கது ஒங்களுக்குத் தெரியுமா? ஆலயத்துக் கக்கூஸ்ல வெளம்பரமா?"

"வாசல் போர்ட ஆம்பளைகளும் பாப்பாங்கல்லக்கா" என்றார்.

சங்கக் கூட்டத்தில் இன்னும் அநியாயம். "யாராவது உங்ககிட்ட வந்து அழுதா, ஜெபம் பண்றதுக்கு முந்தி ஒண்ணு கேளுங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போகப் பயமா இருக்கான்னு கேளுங்க. தனியா வச்சிக் கேளுங்க. அவ சொன்னத அவ சம்மதம் இல்லாம யாருக்கும் சொல்லாதீங்க. ஆண்டவருக்குச் சொல்லலாம், அவர் குரூப்ல போடமாட்டார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

நான் விடுவேனா? எழுந்தேன். "அப்போ மன்னிப்பு? கணக்கில்லாம மன்னிக்கணும்னு நமக்குச் சொல்லியிருக்கே, அத என்ன செய்ய?"

"தாராளமா மன்னிக்கலாங்கா. கை எட்டாத தூரத்துல இருந்துக்கிட்டும் மன்னிக்கலாம்."

உட்கார்ந்துவிட்டேன். பதில் இல்லாமலில்லை, கால் வலி.

இப்போது நீங்கள் கேட்க வந்த இடத்துக்கு வருகிறேன். அந்த வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பாடகர் குழுவுக்குப் பயிற்சி. மதியம் ஐயரம்மா எனக்குப் போன் போட்டார்: "அக்கா, நீங்க சங்கீதம் தெரிஞ்சவங்க, கான்வென்ட்ல கொயர்ல இருந்திருக்கீங்க. வந்து முன்வரிசைல உக்காந்து கேட்டு, கிளாட்வின் சார்கிட்ட ஒங்க அபிப்பிராயம் சொல்லுங்களேன்." மூன்று வருஷமாய் நான் சொல்லத் துடித்துக்கொண்டிருந்த அபிப்பிராயம்! பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். புது ஐயரும் வந்து உட்கார்ந்தார். "இன்னொரு சரணம் சார்... அந்தக் கடைசி அடி மட்டும் இன்னொரு தடவை சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பயிற்சி முடிந்து உங்கள் தம்பி பைக் சாவியை எடுத்தார். நான் பிடித்துக்கொண்டேன். கீழ்க்குரலில் பாடுகிற ஆல்ட்டோ பெண்கள் சுருதி இறங்குவது, ஆர்கன் வாசிக்கிற பையன் தூங்குவது, 1989இல் எங்கள் கான்வென்ட் கேரல்ஸ் எப்படி இருந்தது, எல்லாம் சொன்னேன். மனுஷன் ஒரு காலை பைக் மேலே போட்டபடியே நின்றார். விட்டேனா?

அவர் வீட்டுக்குப் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது.

நான் அங்கே ஆல்ட்டோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஐயரம்மாவும் ஐரின் டீச்சரும் எப்சியையும் மகளையும் சர்ட்டிபிகேட், ஆதார், பள்ளிக்கூடப் பை எல்லாவற்றோடும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எத்தனை நாள் திட்டமோ! மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று, வக்கீல் பார்த்தாயிற்று, போய்த் தங்க இடம் பேசியாயிற்று. சங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒருத்தி நகை எடுத்து வைத்திருந்தாள், ஒருத்தி மகளின் டி.சி. வாங்கியிருந்தாள். செயலாளர் எனக்கு மட்டும் தெரியாது!

நீங்களே சொல்லுங்கள் அக்கா, இது நியாயமா? ஐரின் டீச்சருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் காது கேட்காதவர். அவருக்கு ரகசியத்தைச் சொல்லக் கத்தியிருக்க வேண்டும். கத்திச் சொல்லியும் அது வெளியே வரவில்லை, ஆனால் என்னிடம் மெதுவாய்ச் சொல்ல அவர்களுக்குப் பயம். என் வாயைப் பூட்டாக மட்டும் உபயோகப்படுத்திக்கொண்டார்கள்.

ஐயரம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் ஒன்றும் மறுக்கவில்லை. "ஒங்களால மட்டும்தான் அவர அரை மணி நேரம் நிறுத்த முடியுங்கா. உண்மையச் சொன்னா, நீங்கதான் எங்களுக்கு ரொம்ப முக்கியமான ஆளு" என்றார். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு, பல்செட் கழன்று விழுந்துவிட்டது.

உங்கள் தம்பி கமிட்டியில் குதித்தார். பழைய மாதிரி ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பேசுங்கள் என்றார். புது ஐயர் ஒரே பேச்சாக, "அது நடக்காது சார். நீங்க தனியா வாங்க, உங்க கோபத்தப் பத்திப் பேச ஆள் இருக்கு. கேஸ் முடியுற வரைக்கும் பாடகர் குழுவிலயும் நிக்க வேண்டாம்" என்றார். ஆமாம் அக்கா, அந்தக் குரல் இல்லாமல் பாட்டு நொண்டித்தான் போகிறது. ஆனால் ஒன்று கவனித்தேன், சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆராதனை முடிந்து பெண்கள் இப்போது ரொம்ப நேரம் நிற்கிறார்கள்.

சரி, எங்கே இருக்கிறாள்? அதுதானே? இதோ வருகிறேன்.

நேற்று முன்தினம் ஐயரம்மா வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே இடம். போனை என் கையில் கொடுத்தார். எப்சி. "அக்கா, நல்லாருக்கியளா?" என்றாள். நான் விட்டேனா, படபடவென்று கொட்டினேன். என்னிடம் சொல்லாமல் போனாயே, நான் என்ன அந்நியமா, உன் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது யார் என்று. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் சொன்னாள்: "அக்கா, நான் மொதல்ல ஒங்ககிட்டதான சொன்னேன்."

அந்தப் பக்கம் ஏதோ பிரஷர் குக்கர் விசில் சத்தம் கேட்டது.

பிறகு சொன்னாள்: "என் முதுக நேர்ல பாத்தது நீங்க ஒருத்தங்கதான்க்கா. கோர்ட்ல வந்து சொல்லுவியளா?"

சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் அப்போதும் ஒரு பயம் காட்டினார்: "கோர்ட்ல கேட்ட கேள்விக்கு மட்டுந்தான் பதில் சொல்லணும், தெரியுமா?" பார்த்துக்கொள்ளலாம். ஜட்ஜும் மனுஷர்தானே, அவருக்கும் விஷயம் முழுசாய்த் தெரியவேண்டாமா?

எங்கே இருக்கிறாள் என்பதையும் அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை. ஐயரம்மா கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டுகிறார், இவள் ஊர், தெரு, வீடு எல்லாம் சொல்லிவிட்டு, "ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டுங்கா" என்றாள். இரண்டு நாளாய் அது என் வயிற்றுக்குள் ஊறப்போட்ட உளுந்து மாதிரி உப்பிக்கொண்டிருக்கிறது. குரூப்பைத் திறக்கிறேன், மூடுகிறேன். பால்காரன் வந்தால் உள்ளே போய்விடுகிறேன். நேற்று மாவரைக்கும் மெஷினில் மூன்று பேர் நின்று பேசுகிறார்கள், நான் மாவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். "வயலட் அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறீர்கள். தம்பி சாப்பிடவில்லை, தூங்கவில்லை, ஒரே ஒரு தடவை பார்த்துப் பேசிவிட்டால் போதும் என்கிறீர்கள். நீங்கள் நல்லவர்கள் அக்கா, எனக்குத் தெரியும். ஆனால் நம் தெருமுனையில் வேப்பமரத்தடியில் ஒரு கார் நிற்கிறது. நீங்கள் வந்ததிலிருந்து நிற்கிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கிறது. காப்பி போடப் போனேனே, அடுக்களை ஜன்னலில் பார்த்தேன். அவரையும் உள்ளே கூப்பிட்டிருக்கலாமே. சாப்பிடாத மனுஷன், இரண்டு மக்ரூனாவது கொடுத்திருப்பேன்.

பையை எடுக்கிறீர்களா? எடுத்துக்கொள்ளுங்கள். போய் அவரிடம் சொல்லுங்கள், வயலட்டிடம் கேட்டேன், மத்தியானம் முழுக்க எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை என்று.

எப்சி இருக்கும் இடம் எனக்குத் தெரியும் பியூலா அக்கா. சொல்லமாட்டேன்.

அட! இவ்வளவு சுலபமா இது? முன்னாலேயே யாராவது எனக்குச் சொல்லித் தந்திருக்கக்கூடாதா?